தலைக்கு 72 டாலர்: விடுதிக் குழந்தைகளை அரசுகள் அளந்த கதை

1907ஆம் ஆண்டு கனடா அரசின் மருத்துவ அதிகாரி ஒருவர், பூர்வகுடிக் குழந்தைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கும் பள்ளிகளின் முதல்வர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். பள்ளி தொடங்கிய நாள் முதல் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், சேரும்போது உடல்நிலை எப்படி இருந்தது, வெளியேறும்போது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். பெற்ற தாய் கேட்கக்கூடிய கேள்விகள்தாம் இவை. அந்தத் துறையின் ஆண்டறிக்கைகளில் அதுவரை பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தவை வேறு வகை எண்கள்: பட்டியலில் எத்தனை பேர், சராசரி வருகை எவ்வளவு, தச்சு வேலை பழகுவோர் எத்தனை பேர், தையல் பழகுவோர் எத்தனை பேர்.

கேள்வி கேட்டவர் பெயர் பீட்டர் ஹெண்டர்சன் பிரைஸ். சாதாரண ஆள் அல்ல. ஒன்டாரியோ மாகாணத்தின் முதல் சுகாதார வாரியத்தில் செயலாளராக இருந்தவர், 1900இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். 1904இல் அவரைக் கனடாவின் குடியேற்றத்துக்கும் பூர்வகுடி விவகாரத் துறைக்கும் தலைமை மருத்துவ அதிகாரியாக அமர்த்தினார்கள். 1907இல் மேற்குச் சமவெளி மாகாணங்களில் உள்ள 35 பள்ளிகளை அவர் நேரில் போய்ப் பார்த்தார். கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பியவை 15 பள்ளிகள் மட்டுமே.

அந்தப் பதினைந்து பள்ளிகளின் கணக்கே போதுமானதாக இருந்தது. மொத்தம் 1,537 பிள்ளைகளைப் பற்றிய விவரம் வந்திருந்தது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்திருந்தார். ஒரே ஒரு பள்ளி மட்டும், சஸ்காட்சுவானில் இருந்த ஃபைல் ஹில்ஸ் பள்ளி, தன் பழைய மாணவர்கள் ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து துல்லியமான கணக்கு கொடுத்தது. அங்கே படித்து வெளியேறியவர்களில் 69 விழுக்காட்டினர் உயிரோடு இல்லை.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒழுங்காக எண்ணிய பள்ளியில் சாவு கூடுதலாகத் தெரிகிறது. அப்படியானால் மற்ற பள்ளிகளில் குழந்தைகள் நலமாக இருந்தார்கள் என்று பொருளா? அந்தப் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. காசநோய் முற்றிய பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை பெற்றோர் மடியில் போய்ச் சாகும். பள்ளிப் பதிவேட்டில் அது சாவாக ஏறாது, வெளியேற்றம் என்று ஏறும். பதிவேடு பொய் சொல்லவில்லை. பிள்ளை உண்மையிலேயே வெளியேறித்தான் இருந்தது. அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால்தான் எண் மாறுகிறது. பிரைஸ் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

கனடாக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் தோழர்களுக்குத் திரமென்ஹீர் பெயர் புதிதல்ல. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்து, பறையர் மக்களின் நிலை பற்றிய குறிப்பை அரசுக்கு எழுதியவர். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையின் பேரில்தான் பஞ்சமி நிலம் என்ற ஒன்று நமக்குக் கிடைத்தது, பிறகு கையை விட்டும் போனது. அதே 1892இல், அதே பேரரசின் மறுகோடியில், கனடா அரசு இன்னோர் ஆணை போட்டது. பூர்வகுடி விடுதிப் பள்ளிகளுக்கு இனிமேல் தலைக்கு இவ்வளவு என்று பணம் தரப்படும். சாதாரண விடுதிப் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 72 டாலர்.

தலைக்கு இவ்வளவு என்ற இந்த ஏற்பாடு பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் அது என்ன செய்யும் என்பதைப் பிரைஸின் அறிக்கையையும், நூறாண்டுக்குப் பிறகு வந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கையையும் சேர்த்துப் படித்தால் புரியும். பள்ளிகளை நடத்தியவை கத்தோலிக்க, ஆங்கிலிக்க, மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகள். அவற்றுக்குப் பணம் வருவது தலைக்கணக்கில். எனவே இடம் காலியாக இருக்கக் கூடாது. மருத்துவர் பார்க்காமலேயே பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இருமிக்கொண்டிருந்த பிள்ளையையும் சேர்த்தார்கள், ஏனென்றால் இருமும் பிள்ளைக்கும் 72 டாலர் உண்டு. அந்தப் பணத்துக்குள் விறகும் வாங்க வேண்டும். சமவெளிக் குளிரில் விறகை மிச்சம் பிடிக்க, படுக்கை அறைச் சன்னல்களைப் பனிக்காலம் முழுக்க மூடியே வைத்தார்கள். நாற்பது, ஐம்பது பிள்ளைகள் ஒரே காற்றை மாதக்கணக்கில் மூச்சு விட்டார்கள். காசநோய்க்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? இதில் யாரும் தனியாகக் கொடூரம் செய்ய வேண்டியதே இல்லை. கணக்கு போட்ட விதமே வேலையை முடித்துவிட்டது.

அறிக்கை பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் திருச்சபைகளுக்கும் போனது. 1907 நவம்பரில் ஒட்டாவாவின் ஈவினிங் சிட்டிசன் நாளேடு அதை முதல் பக்கத்தில் போட்டது. சாட்டர்டே நைட் என்ற இதழ், போரில்கூட இவ்வளவு பேர் சாவதில்லை என்ற பொருளில் எழுதியது. எஸ். எச். பிளேக் என்ற வழக்கறிஞர், ஆங்கிலிக்கச் சபையைச் சேர்ந்தவர், தடுக்கக்கூடிய சாவைத் தடுக்காமல் விட்டால் அரசு உயிர்ப்பலிக் குற்றத்தின் விளிம்பில் நிற்கிறது என்று எழுதினார். ஆக, யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1909இல் பிரைஸ் மறுபடியும் போனார். தென் ஆல்பர்ட்டாவில் எட்டுப் பள்ளிகளில் 243 பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். பள்ளிகளை மருத்துவக் கட்டுப்பாட்டின்கீழ் கொண்டுவந்து, கிட்டத்தட்ட காசநோய் மருத்துவமனைகளைப்போல நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தார். துறையில் அப்போது கணக்கைப் பார்த்தவர் டங்கன் கேம்ப்பெல் ஸ்காட். கனடாவின் மதிப்புக்குரிய கவிஞரும்கூட. செலவைக் காரணம் காட்டி அவர் அதை ஒதுக்கினார். 1910இல் திருச்சபைகளோடு புது ஒப்பந்தம் போட்டு, தலைக்கான தொகையை உயர்த்தி, காற்றோட்டம் பற்றிச் சில நிபந்தனைகளைச் சேர்த்தார்கள். அத்தோடு சரி. 1913இல் ஸ்காட் துறையின் தலைமைக்கு வந்தார். பிரைஸின் ஆய்வறிக்கைகள் இனித் தேவையில்லை என்றாயிற்று. இந்தப் பள்ளிகளின் வழியே போன பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தப் படிப்பின் பயனைப் பார்க்க உயிரோடு இல்லை என்று 1914இல் ஸ்காட்டே எழுதினார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் செய்தவர் அல்ல. 1920இல் அவர் காலத்திலேயே சட்டம் திருத்தப்பட்டு, 7 முதல் 15 வயது வரையிலான பூர்வகுடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்றானது. 1921இல் பிரைஸ் அரசுப் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு, ஒரு தேசியக் குற்றத்தின் கதை என்ற பொருள்படும் தலைப்பில் தானே ஒரு சிறு நூலை வெளியிட்டார். பள்ளிகள் அதற்குப் பிறகும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தன. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பின்பாதியில்.

நல்ல அதிகாரி, கெட்ட அதிகாரி என்று இந்தக் கதையைச் சொல்லி முடிப்பது சுலபம். கனடாவில் பள்ளிப் புத்தகங்களிலும் இப்போது அப்படித்தான் பிரைஸை நாயகன் ஆக்குகிறார்கள். அவருடைய நேர்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவரும் இந்தப் பள்ளிகள் இருக்கவே கூடாது என்று சொல்லவில்லை, சுகாதாரமாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்ததே நோய் என்று அந்தப் பெற்றோர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள், பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள், ஓடி வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மறுத்தார்கள். கேள்வித்தாள் அவர்களிடம் போகவே இல்லை, முதல்வர்களிடம்தான் போனது.

குறைந்த பணத்தில் எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1938இல் மானிடோபா மாகாணத்தில் பூர்வகுடி விடுதிப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு மத்திய அரசு ஆண்டுக்குக் கொடுத்தது 180 டாலர். அதே மாகாணத்தில் காது கேளாதோர் பள்ளிக்குத் தலைக்கு 642 டாலர். சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்கு 550 டாலர். தவறு செய்து பிடிபட்ட வெள்ளைச் சிறுவனின் மூன்றில் ஒரு பங்கு விலைதான் பூர்வகுடியில் பிறந்த சிறுவனுக்கு.

அடுத்து நடந்ததுதான் எங்களை அதிகம் உலுக்கியது, ஏனென்றால் அங்கே அளவெடுத்தல் நன்றாகவே நடந்தது. 1940களில் பள்ளிகளின் உணவை ஆராய்ந்தவர்கள், பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று கண்டார்கள். கனடாவின் ஊட்டச்சத்துத் துறைத் தலைவர் லயனல் பெட். நாட்டு மக்கள் என்ன சாப்பிட வேண்டும் என்ற 1942ஆம் ஆண்டு அதிகாரபூர்வ உணவு விதிகளை வகுத்தவர் அவர்தான். பட்டினிப் பிள்ளைகளைக் கண்டதும் உணவைக் கூட்டச் சொல்வார் என்றுதான் நாம் நினைப்போம். அவர் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். 1948 முதல் 1952 வரை ஆறு பள்ளிகளில், ஆயிரம் பிள்ளைகள் அளவில். ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பால் பரிந்துரைத்த அளவில் பாதிகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை அளவு வேண்டும் என்பதற்காக அதே குறைவான பாலையே இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். இன்னொரு பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வைட்டமின் சி மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. பல், ஈறு ஆகியவற்றின் நிலை ஆய்வுக்கு முக்கியமான அடையாளம் என்பதால், வழக்கமாகக் கிடைத்த பல் சிகிச்சைகள் சிலவற்றையும் நிறுத்திவைத்தார்கள். பெற்றோரிடம் கேட்கவில்லை. வரலாற்றாய்வாளர் இயன் மோஸ்பி 2013இல் இதை வெளியிட்ட பிறகுதான் அந்தப் பள்ளிகளில் படித்த பலருக்கு, தாங்கள் எதற்காகக் குத்தப்பட்டோம், எடை பார்க்கப்பட்டோம் என்பதே தெரியவந்தது.

எடை, உயரம், இரத்தம், ஈறு என எல்லாமே அளக்கப்பட்டன. பிள்ளைக்குப் பசி என்பது மட்டும் எவருடைய கணக்கிலும் செயலாக மாறவில்லை.

2008இல் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் வாய்மொழியையும் ஆவணங்களையும் சேர்த்து 2015இல் அறிக்கை கொடுத்தது. சுமார் 1,50,000 பிள்ளைகள் இந்தப் பள்ளிகள் வழியே போயிருக்கிறார்கள். ஆணையம் அப்போது பதிவேடுகளிலிருந்து திரட்ட முடிந்த சாவுகள் சுமார் 3,200. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குப் பிள்ளையின் பெயர் எழுதப்படவில்லை. நான்கில் ஒரு பங்குக்கு ஆணா பெண்ணா என்று எழுதப்படவில்லை. பாதிக்குச் சாவின் காரணம் எழுதப்படவில்லை. தலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு காலாண்டும் பணம் வாங்கிய பதிவேடுகள் இவை. தலையை எண்ணியவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

ஆணையம் 94 பரிந்துரைகளைச் செய்தது. முதல் ஐந்தும் குழந்தைகள் நலம் பற்றியவை. அதிலும் இரண்டாவது முழுக்க முழுக்க எண்ணிக்கை பற்றியது: பராமரிப்பில் இருக்கும் பூர்வகுடிக் குழந்தைகள் எத்தனை பேர், மற்றக் குழந்தைகள் எத்தனை பேர், என்ன காரணத்துக்காக வீட்டிலிருந்து எடுக்கப்பட்டார்கள், தடுக்க எவ்வளவு செலவானது, பராமரிக்க எவ்வளவு செலவானது, எது பலன் தந்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பள்ளிகள் மூடிய பிறகு எதற்கு இது? பள்ளிகள் மூடினாலும் எடுப்பது நிற்கவில்லை. 1960களிலிருந்து சமூகநலப் பணியாளர்கள் வந்து பிள்ளைகளை எடுத்து வெள்ளைக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடு. வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் குழந்தைகளில் அவர்கள் 53.8 விழுக்காடு.

இங்கே அளவெடுத்தலை மக்கள் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்ட ஒரு கதையும் உண்டு. கிட்சன் மக்களைச் சேர்ந்த சிண்டி பிளாக்ஸ்டாக் குழந்தைகளை அளப்பதை விட்டுவிட்டு அரசை அளந்தார். ஒதுக்கிடங்களில் வாழும் பூர்வகுடிக் குழந்தைக்கு மத்திய அரசு கொடுக்கும் நலச் செலவு, மாகாணங்கள் மற்றக் குழந்தைகளுக்குச் செய்வதைவிடத் தலைக்கு 22 விழுக்காடு குறைவு என்று 2000ஆம் ஆண்டுக் கூட்டு ஆய்வு காட்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 2007இல் மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். 2016 ஜனவரியில் மனித உரிமைத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு வந்தது: இது பாகுபாடு. 2023இல் நீதிமன்றம் ஏற்ற இழப்பீட்டு உடன்பாடு 2,334 கோடி டாலர். நம் துணைத்திட்ட நிதிக்காக வரவுசெலவுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் தோழர்கள் இந்த வழக்கை விரிவாகப் படிக்க வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். வருவதற்கு முன் சென்னையைப் பற்றி ஒரு செய்தி. 1789இல் எழும்பூரில் ஆண் அநாதை விடுதி ஒன்றைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் தொடங்கினார்கள். வெள்ளைச் சிப்பாய்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பையன்களுக்கானது. பலருக்குத் தாய் உயிரோடு இருந்தார். தாயின் பழக்கவழக்கத்திலிருந்து பையனைப் பிரிப்பதும் நோக்கங்களில் ஒன்று. அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதை எடுத்துக்கொண்டு, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக்கினார். அதற்குப் பெயர் மெட்ராஸ் முறை. கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் 1820 வாக்கில் மெட்ராஸ் ஸ்கூல் என்ற பெயரிலேயே பள்ளிகள் நடந்தன. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துத் திருத்துவது என்ற எண்ணம் கடலைத் தாண்டி எங்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் விடுதிகள் கனடாவின் பள்ளிகள் அல்ல. அங்கே பிள்ளைகளைப் பிடுங்கிப் போனார்கள். இங்கே நம் மக்கள் விடுதி வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். சேரியிலிருந்து பள்ளி தூரம், பள்ளி இருக்கும் ஊரில் நமக்கு வாடகைக்கு வீடு இல்லை, தண்ணீர்கூட இல்லை. அதனால் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925இல் சோலாப்பூரில் விடுதி திறந்தது. எங்களில் பலர் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே ஒரு டிரங்குப் பெட்டியோடும் பாயோடும் விடுதிக்கு வந்ததால்தான். விடுதியை மூடு என்று எவராவது கனடாவைக் காட்டிப் பேசினால் முதலில் எதிர்ப்பது நாங்களாகத்தான் இருப்போம்.

ஆனால் அளக்கும் முறை? அதைப் பார்த்தால் 1892 நினைவுக்கு வருகிறது. விடுதிக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை, வருகைப் பதிவேடு, தலைக்கு உணவுப்படி. 2023இல் பள்ளி விடுதிப் பிள்ளைக்கான படியை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக உயர்த்தினார்கள், கல்லூரிக்கு 1,100இலிருந்து 1,500. உயர்த்தியது நல்லது. நாளாகப் பிரித்தால் 47 ரூபாய்கூட இல்லை. கனடாவில் தலைக்கணக்கு நோயுற்ற பிள்ளையையும் சேர்க்க வைத்தது என்றால், இங்கே அது இல்லாத பிள்ளையை இருப்பதாக எழுத வைக்கிறது. நாங்கள் படித்த விடுதி ஒன்றில் பதிவேட்டில் ஐம்பது பேர் இருப்போம், இரவில் படுப்பது இருபது பேருக்கும் குறைவு. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் பக்கத்து ஊர்ப் பையன்களை அழைத்துவந்து உட்கார வைப்பார்கள். எங்களுக்கு அன்று முட்டை கிடைக்கும் என்பதால் நாங்களும் வாயைத் திறந்ததில்லை. மிச்சப் பிள்ளைகள் ஏன் இரவில் தங்கவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கழிவறையில் தண்ணீர் இல்லை, சுவரில் பல்பு இல்லை, மூத்த பையன்கள் அடித்தார்கள். காரணம் இவ்வளவு எளியது.

2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வரும் குழந்தைகள் இல்லங்களுக்கு அளவுகோல் இருக்கிறது. 2016 மாதிரி விதிகளின்படி படுக்கையறையில் ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி, ஏழு பேருக்கு ஒரு கழிவறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும், குழந்தைகள் நலக் குழுமம் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் பற்றி இதழில் வந்த கட்டுரை 2007இல் உச்சநீதிமன்றத்தில் வழக்காகி, பத்தாண்டு நடந்து, 2017 மே மாதம் தீர்ப்பானது. அதையொட்டிய காலத்தில் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் 9,589 இல்லங்கள், சுமார் 3.7 லட்சம் குழந்தைகள் என்று தெரிந்தது. அந்தச் சட்டப்படி பதிவு பெற்றிருந்தவை மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஆதிதிராவிடர் நல விடுதி அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வராது. சட்டத்தின் கண்ணில் எங்கள் பிள்ளை பராமரிப்பில் இருக்கும் குழந்தை அல்ல, அரசின் பயனாளி. வருடத்தில் பத்து மாதம் வீட்டுக்கு வெளியே, அரசின் கூரைக்குக் கீழே இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு புரியப்போவதில்லை.

இங்கிலாந்தில் ராய் பார்க்கர் என்ற பேராசிரியர் தலைமையில் அமைந்த குழு 1987இல் தொடங்கி 1991இல் ஒரு முறையை வெளியிட்டது. கனடாவின் ஒன்டாரியோவும் பிற்பாடு அதை எடுத்துக்கொண்டது. நல்ல பெற்றோர் தன் பிள்ளையைப் பற்றி என்னவெல்லாம் தெரிந்து வைத்திருப்பாரோ அதையெல்லாம் பிள்ளையோடு உட்கார்ந்து, ஆண்டுதோறும் கேட்டு எழுதுவது. ஏழு பக்கங்கள்: உடல்நலம், கல்வி, அடையாளம், குடும்பமும் நட்பும், பிறர் முன் தன்னைக் காட்டிக்கொள்வது, மனமும் நடத்தையும், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் திறன். இதிலும் குறை உண்டு. படிவம் நிரப்புவதே வேலையாகிப் போனது என்று அங்குள்ள பணியாளர்கள் புலம்பியிருக்கிறார்கள். ஆனால் மூன்றாவது பக்கத்தை எங்களால் கடந்துபோக முடியவில்லை. தான் யார், எங்கிருந்து வந்தோம் என்பது பிள்ளைக்குத் தெரிகிறதா, அதில் அதற்குக் கூச்சம் இல்லாமல் இருக்கிறதா என்பதும் நலத்தின் ஓர் அளவு என்கிறது அது.

2025 ஜூலையில், நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரையை ஒட்டி, விடுதிகள் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று அரசு பெயர் மாற்றியது. நம் தோழர்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு. பள்ளியில் ஹாஸ்டல் பையன் என்று சொல்லிச் சாதியை அடையாளம் காட்டுவது பெயர்ப் பலகையால்தான் என்பவர்கள் உண்டு. பெயரை எடுத்தால் ஒதுக்கிய நிதியும் கரைந்துவிடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. எங்களுக்கு இரண்டிலும் பாதி உண்மை தெரிகிறது. பலகை மாறிய பிறகு பள்ளியில் அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டு எழுதும் ஏற்பாடு இருந்தால் இந்த வாதம் ஒரே ஆண்டில் தீர்ந்துபோயிருக்கும்.

அதனால் ஒரு மாவட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட்டோம். பிரைஸின் கேள்விகளையே கொஞ்சம் மாற்றிக் கேட்டோம். கடந்த பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு விடுதியிலும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், படிப்பை முடிக்காமல் இடையில் போனவர்கள் எத்தனை பேர், என்ன காரணம் எழுதப்பட்டிருக்கிறது, விடுதியில் இருந்தபோதோ வெளியேறி ஓராண்டுக்குள்ளோ இறந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன வகுப்பு என்ன. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையும் உணவுப்படிச் செலவும் ஆண்டு வாரியாக, பைசா பிசகாமல், 41 பக்கங்களில் வந்தன. இடையில் போனவர்கள், காரணம், இறப்பு ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அப்படிப்பட்ட விவரம் தொகுத்து வைக்கப்படவில்லை என்று ஒரே வரியில் பதில். முதல் மேல்முறையீடு அனுப்பியிருக்கிறோம். அதோடு, அந்த மாவட்டத்தில் விடுதியில் படித்து வெளியேறிய எங்கள் வயதுக்காரர்களைத் தேடி, ஆண்டு வாரியாகப் பெயர்களை நாங்களே எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் விடுதியில் 1998ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பில் சேர்ந்த 31 பேரில் இதுவரை 22 பேரைக் கண்டுபிடித்திருக்கிறோம்.